பிரசவ வார்டு வரைக்கும் ஊர் எல்லை

கிராம சுகாதாரச் செவிலியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கச்சிகளுக்கு, ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் ஓர் அக்கா எழுதுவது. பசுமலையில் உங்களுக்குப் பயிற்சி நடந்தபோது என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் பேச ஆரம்பித்து, நடுவில் சிரிக்க ஆரம்பித்து, அந்தச் சிரிப்பு நிற்காமல் போய், விஷயத்துக்கு வருவதற்குள் டீ வந்துவிட்டது. டீக்குப் பிறகு வேறொருவர் கொசுவைப் பற்றிப் பேசினார். அன்றைக்குச் சொல்ல வந்ததை இப்போது எழுதிவிடுகிறேன். எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் காகிதத்துக்கு டீ வராது என்பதால் இந்த முறை முடித்துவிடுவேன்.

ஊசி எங்கே போடுவது, எடை எப்படிப் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை நான் தொடப்போவதில்லை. நம்மைப் பார்த்ததும் ஓர் ஊர் என்ன செய்யும், அப்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஜீப் சத்தம் கேட்டாலே ஊர் காலியாகிவிடும். ஆம்பளைகள் கரும்புக்குள் போய்விடுவார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறோம் என்று பயம். அதற்கு முன்னால் எப்போதோ யாரோ அவசரப்பட்டு நடந்துகொண்டதன் பலனை நாங்கள் அனுபவித்தோம். ஒரு வீட்டில், பிள்ளை மதுரைக்குப் போயிருக்கிறது என்று அம்மாக்காரி என்னிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கோழியைக் கவிழ்த்து வைக்கும் பஞ்சாரம் ஒன்று தானாக நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல், “அம்மா, கோழி கொத்துது!” நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டதே எங்களுக்குத் தெரியவில்லை. பிள்ளைக்குத் தெரிந்தது.

கொரோனா ஊசிக்கு ஒருவர் தென்னை மரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். “நீங்க போனாத்தான் எறங்குவேன்” என்றார். எனக்கும் பசி. மரத்தடியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து, “என்ன கொழம்பு சிஸ்டரு?” என்று கேட்டது. “கருவாடு” என்றேன். இறங்கி வந்தார். குழம்பில் பாதி அவருக்கு, ஊசி முழுதும் அவருக்கு. இப்போது அதே ஆள், தடுப்பூசி நாளான புதன்கிழமை நாம் கொஞ்சம் தாமதமாகப் போனால், “பேரப்பிள்ளைக்கு ஊசி போடணும், எங்க போய்த் தொலஞ்சீக?” என்று போன் போட்டு வைகிறார்.

இதையெல்லாம் கேட்டு ஊர்க்காரர்களை விவரமில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களிடம் விவரம் நிறைய உண்டு. நம்முடைய விவரமும் அவர்களுடைய விவரமும் ஒரே சந்தில் எதிரெதிரே வந்து நிற்கும்போது யார் வண்டியைப் பின்னால் எடுப்பது என்பதுதான் தகராறு. அப்படி ஒரு நாள் எனக்கு வந்தது.

வாடிப்பட்டிக்கு மேற்கே, வாய்க்கால் பாசனத்தில் நெல் விளைகிற ஓர் ஊர். பெயர் வேண்டாம், அவர்கள் என்மேல் கோபித்துக்கொள்வார்கள். அங்கே பங்குனியில் அம்மனுக்குப் பொங்கல். திருவிழாவுக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு சாயங்காலம் கொட்டடித்து ஊருக்கெல்லாம் அறிவிப்பார்கள். அதற்குப் பெயர் சாட்டு. சாட்டு போட்டதும் ஊருக்குள் நுழைகிற பாதைகளில் எல்லாம் வேப்பிலைத் தோரணம் கட்டிவிடுவார்கள். தோரணத்துக்கு உள்ளே இருப்பது ஊர். அதற்குப் பிறகு ஊர்க்காரர் யாரும் வெளியே போய் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். இது ஒரு கட்டுப்பாடு. திருவிழா முடிகிறவரை ஊருக்குள் பிள்ளை பிறக்கக் கூடாது என்பது இன்னொன்று. பிறந்தால் தீட்டு. அம்மனுக்காகச் சட்டியில் வளர்த்த முளைப்பாரியைத் தண்ணீரில் கொட்டிவிட்டு அடுத்த வருடம்தான் திருவிழா. அதனால் நிறைமாதக்காரிகளை எல்லாம் சாட்டுக்கு முன்னாலேயே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பாண்டிச்செல்விக்கு அப்போது எட்டாம் மாதம். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. எட்டாம் மாதம்தானே என்று அவளை ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். சாட்டு போட்ட மூன்றாம் நாள் காலை அவளைப் பார்க்கப் போனேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ரத்த அழுத்தம் பார்த்தேன். இயந்திரம்தான் கெட்டுவிட்டதோ என்று மறுபடி பார்த்தேன். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது.

“காலைலருந்து தலைய ரெண்டாப் பொளக்குது சிஸ்டர்” என்றாள். “உங்க மூஞ்சிகூட ரெண்டாத் தெரியுது.”

“எந்த மூஞ்சி நல்லா இருக்கு?”

“ரெண்டும் சுமார்தான்.”

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்து பட்டையைக் கழற்றினேன். இந்தத் தலைவலியையும் இந்தப் பார்வைக் கோளாறையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே படுத்திருந்து, வலிப்பு வந்து, வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்ட ஒரு பெண்ணை அதற்கு முன் நான் பார்த்திருக்கிறேன். பாண்டிச்செல்வியை உடனே மதுரைக்கு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேயே தங்கவும் வேண்டும். பிள்ளையைச் சீக்கிரமே எடுக்க வேண்டிவரலாம்.

அவள் புருஷன் முத்துக்காளை வாசலில் நின்றிருந்தான். சொந்தமாகக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். அவனிடம் சொன்னதும், “வண்டிய எடுக்குறேன் சிஸ்டர்” என்று ஓடினான். நாலடி போனவன் அப்படியே நின்றான். “தங்கணும்னா சொன்னீக? சாட்டுப் போட்டாச்சே?”

நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். பக்கத்தில் இருந்த வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. அடுத்தது தொலைவிலிருந்து வர வேண்டும் என்றார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவுக்குப் போட்டேன். கொடுக்க வேண்டிய மாத்திரையைச் சொல்லிவிட்டு, “இருக்குற வண்டியில கிளம்புங்க சிஸ்டர். இருட்டா, அமைதியா வச்சுக் கொண்டுபோங்க. சத்தம் போட்டா, வெளிச்சம் அடிச்சா வலிப்பு வந்துரும்” என்றார்.

முத்துக்காளையின் வண்டி ஊர் கூடுகிற மந்தையில் நின்றது. திருவிழாவுக்கு அறிவிப்புச் செய்வதற்காக அதன் தலையில் பெரிய ஸ்பீக்கர், சுற்றிலும் வேப்பிலை, முன்னால் வாழைக்கன்று. வண்டியில் மெத்தை போட்டு, தார்ப்பாயை இழுத்து மூடி இருட்டாக்கி, பாண்டிச்செல்வியை இடது பக்கமாகப் படுக்கவைத்தோம். ஸ்பீக்கர் ஒயரை நானே பிடுங்கினேன். அதற்குள் ஊர் கூடிவிட்டது. வண்டிக்கு முன்னால் கூடிவிட்டது.

ஊர்ப் பெரியவர் மாயழகு வந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாட்டை இந்தப் பக்கமிருந்து அதட்டிப் பழகிய குரல். அவர் வாயைத் திறந்ததும் நான் ஓடிப்போய் அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டினேன். “அண்ணே, சத்தம் போடாதீங்க! சத்தம் கேட்டா இந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்துரும். எதுனாலும் மெதுவாப் பேசுங்க.”

அவர் திறந்த வாயை மூடவில்லை, குரலை மட்டும் இறக்கினார். “என்னத்தா சொல்ற?” என்று காற்றாகக் கேட்டார்.

தங்கச்சிகளே, அதற்குப் பிறகு நடந்ததை என் சர்வீஸில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஓர் ஊர் முழுக்கக் கூடி, கழுத்து நரம்பு புடைக்க, கையை ஓங்கி ஓங்கி, குசுகுசுவென்று சண்டை போட்டது.

“பகல்ல கூட்டிட்டுப் போகட்டும்” என்று குசுகுசுத்தார் மாயழகு. “யாரு வேணாம்னா? ஊசியப் போட்டு, வெளக்கு வைக்கிறதுக்குள்ள கூட்டியாந்துரணும்.”

“கூட்டிட்டு வர முடியாதுண்ணே. அங்கயே தங்கணும்.”

“அப்பப் போகக் கூடாது.”

“போகலைன்னா பிள்ளை இங்கயே பொறந்துரும். இந்த மந்தையில, இந்த வண்டியில. பரவாயில்லையா?”

வெளியே தங்கவும் கூடாது, உள்ளே பெறவும் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. எல்லோரும் கூட்டத்தில் நின்ற கோயில் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி அம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்தார்.

அடுத்த நிமிடம் ஆளுக்கொரு யோசனை. பெரியாஸ்பத்திரி டாக்டரை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், ஊரில் நல்ல கறிச்சோறு போடுவோம் என்றார் ஒருவர். அவள் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பட்டும், காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸில் போய்வருவதில்லையா என்றார் இன்னொருவர். ஊர் எல்லையில் ஒரு கொட்டகை போட்டு, கட்டிலை எல்லைக்கோட்டின்மேல் போட்டுவிட்டால், தலை ஊருக்குள்ளும் கால் வெளியிலுமாக இருக்குமே என்று ஒரு பெண் கேட்டாள். இதை அவள் சிரிக்காமல் கேட்டாள். எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் அழுதுவிடுவேன் போலவும் இருந்தது. ஒவ்வொரு யோசனைக்கும் தார்ப்பாய்க்குள் ஒரு பெண்ணின் தலைக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் கையில் போன் இருந்தது. அதில் இன்ஸ்பெக்டர் நம்பர் இருந்தது. போலீஸ் வந்தால் வண்டி கிளம்பிவிடும், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை வண்டி நிற்கும். சைரனும் சத்தமுமாக வருவார்கள். அதோடு, அடுத்த வருடம் இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்குத் தலை வலித்தாலும் அது என் காதுக்கு வராது. பஞ்சாரத்துக்குள் பிள்ளையை ஒளித்தவர்கள் தலைவலியை ஒளிக்க மாட்டார்களா? போனை இடுப்பில் செருகினேன்.

இந்த இடத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். அவர்கள் கட்டுப்பாடு சரியா தப்பா என்று நான் பேசவில்லை. பேசினால் பொழுது சாய்கிறவரை பேசியிருப்போம். நான் மாயழகு பக்கத்தில் போய், “அண்ணே, இதுக்கு முன்னால சாட்டுப் போட்டப்பறம் யாராச்சும் வெளிய தங்கியிருக்காகளா? அப்ப என்ன செஞ்சீக?” என்று மட்டும் கேட்டேன்.

கேட்டதுதான் தாமதம், முகங்கள் மாறின. ஊர்க்காரர்களுக்குப் பழைய கதை என்றால் போதும். ஒருவன் பட்டாளத்தில் இருந்தானே என்றார்கள். அவன் சாட்டுக்கு முன்னாலேயே போனவன், கணக்கில்லை. ஒருவனைப் பக்கத்து ஊர்ச் சண்டையில் ஸ்டேஷனில் வைத்திருந்தார்களே என்றார்கள். அவன் அன்றைக்குக் கட்டுப்பாட்டை மீறியதால்தான் அவன் கிணறு வற்றியது என்றார் ஒருவர். கிணறு அதற்கு முன்னாலேயே வற்றியது என்று சம்பந்தப்பட்டவரே கூட்டத்திலிருந்து குசுகுசுத்தார்.

அப்போது தார்ப்பாய்க்குள்ளிருந்து பாண்டிச்செல்வியின் குரல் வந்தது. அந்த மந்தையில் சத்தமாகப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

“ஏம்ப்பா, ஆத்துக்குக் கரகம் ஜோடிக்கப் போறீகளே, வைகையில ஒரு ராத்திரி தங்குறீகளே, அது மட்டும் நம்ம ஊரா?”

மாயழகு திரும்பிப் பூசாரியைப் பார்த்தார். பூசாரி மெல்லச் சொன்னார். “அங்கன நாலு பக்கமும் தோரணம் கட்டிருவோம்ல. தோரணம் கட்டுனா அது ஊருதான்.”

“அப்ப ஆஸ்பத்திரில என் கட்டிலச் சுத்தியும் நாலு வேப்பிலையக் கட்டுங்க” என்றது தார்ப்பாய். “தல வலிக்குது. சீக்கிரம் சொல்லித் தொலைங்க.”

பூசாரி கண்ணை மூடினார். அவர் மூடிய நேரம் எனக்கு ஒரு வருடம். கண்ணைத் திறந்தவர் வண்டியைச் சுற்றியிருந்த வேப்பிலையைத் தொட்டுப் பார்த்தார். “வண்டியில தோரணம் இருக்கு. போற பாதையெல்லாம் ஊருதான். வெளக்கு வைக்கிறதுக்குள்ள அங்கிட்டும் கட்டிப்புடுங்க” என்றார்.

நான் அவர் காலில் விழுந்திருப்பேன். நேரமில்லை. முத்துக்காளை வண்டியைக் கிளப்பினான். வழியனுப்பப் பெண்கள் குலவை போட வாயைத் திறந்தார்கள். நான் வாயில் விரலை வைத்தேன். அவர்கள் நிறுத்தவில்லை. அத்தனை பேரும் வாயைத் திறந்து நாக்கை மட்டும் ஆட்டினார்கள். சத்தமே இல்லாத குலவை. உலகத்தில் வேறு எந்தப் பிள்ளைக்காவது அப்படி ஒரு வழியனுப்பு கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

மாயழகும் மடி நிறைய வேப்பிலையோடு முன்னால் ஏறிக்கொண்டார். நான் பின்னால், தார்ப்பாய்க்குள், பாண்டிச்செல்வியின் கையைப் பிடித்தபடி. நான்குவழிச் சாலையில் முத்துக்காளை வண்டியைத் தண்ணீர்க்குடம் சுமக்கிற மாதிரி ஓட்டினான். மதுரைக்குள் வந்து கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டிக்கொண்டோம். முன்னால் பஸ், பின்னால் பஸ், எல்லாரும் ஹார்ன். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால், மஞ்சள் வேட்டி கட்டிய மாயழகு நடுரோட்டில் நின்று ஒவ்வொரு டிரைவரிடமும் போய், கையெடுத்துக் கும்பிட்டு, “சத்தம் போடாதீக மாப்ள, பிள்ளத்தாச்சிப் பிள்ள” என்று குசுகுசுத்துக்கொண்டிருக்கிறார். அங்கே யாருக்கும் குசுகுசுக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் பஸ் டிரைவர்களும் பதிலுக்குக் குசுகுசுத்தார்கள். “சரிங்கண்ணே. வலது பக்கமாப் போங்கண்ணே.” வழி விட்டார்கள்.

வார்டில் சேர்த்தாகிவிட்டது. டாக்டர்கள் பார்த்து, ஊசி போட்டு, இருட்டான மூலையில் படுக்கவைத்தார்கள். அடுத்தது தோரணம். வார்டு நர்ஸ் தலையில் முக்காடு போட்டிருந்த ஓர் அம்மா, கோரிப்பாளையத்துக்காரர். மாயழகின் மடியைப் பார்த்து, “இதென்ன பெரியவரே, ஆடா வளர்க்கப் போறீங்க?” என்றார். நான் ஊர்க் கட்டுப்பாட்டைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முடித்ததும், “எங்க தெருவுல சந்தனக்கூடுன்னா எங்க வாப்பாவும் யாரையும் வெளியூர் போக விடமாட்டாரு” என்றார். “கழுவிட்டுக் கட்டுங்க. டிரிப்ஸ் ஸ்டாண்டுல கட்டாதீங்க, ஜன்னல் கம்பியில கட்டுங்க.”

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜன்னல் கம்பியிலும், கட்டில் காலிலும், மாயழகும் முத்துக்காளையும் படுக்கப்போகிற வராந்தாவிலும் வேப்பிலை தொங்கியது. “இனிமே இது நம்ம ஊரு” என்றார் மாயழகு. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மேலூர்க்காரி, “எங்கட்டிலும் உங்க ஊராண்ணே?” என்று கேட்டாள். “இல்லத்தா, நீ அசலூரு” என்றார் மாயழகு, ரொம்ப மரியாதையாக.

மறுநாள் காலை பூசாரி போன் செய்தார். இரவு முழுக்க அவருக்குத் தூக்கமில்லையாம். “சிஸ்டரு, ஒரு தப்பு நடந்துபோச்சு. தோரணம் கட்டுனதால வார்டு ஊராகிப்போச்சுல்ல? அங்க பிள்ளை பொறந்தா ஊருக்குள்ள பொறந்ததாத்தான கணக்கு? தீட்டாகிருமே!”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மாயழகும் வைத்துக்கொண்டார். பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. “பூசாரி, பிள்ளை பெறுறது இந்த வார்டுல இல்ல. அதுக்குத் தனி அறை இருக்கு. அங்க தோரணம் கட்டல.”

“அப்ப அது அசலூரு.”

“அசலூருதான்.”

“பகல்ல போயிட்டு வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துருவாளா?”

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் வார்டுக்குள் நடமாட்டம் வேகமானது. ஓடினேன். பாண்டிச்செல்வியின் ரத்த அழுத்தம் மறுபடி ஏறியிருந்தது. இனியும் காத்திருக்க முடியாது, உடனே எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவள் கை காற்றில் துழாவியது. பிடித்துக்கொண்டேன்.

“சிஸ்டர், நேத்து உங்க மூஞ்சி ரெண்டாத் தெரிஞ்சுச்சுல்ல?” என்றாள். “இப்ப ஒண்ணுகூடத் தெரியல.”

கதவு மூடிக்கொண்டது. அதுவரை ஊர் முழுக்கச் சேர்ந்து எனக்குக் கொடுத்த சிரிப்பெல்லாம் அந்தக் கதவோடு போய்விட்டது. முத்துக்காளை சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். மாயழகு கையில் மிச்சமிருந்த வேப்பிலையை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது கதவு திறந்தது. பெண் பிள்ளை. எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் கொஞ்ச நாள் வைக்க வேண்டும், ஆனால் நன்றாக அழுகிறது என்றார் டாக்டர். தாய்க்குக் கண்டம் தாண்டிவிட்டது, பார்வையும் திரும்பிவிடும். “நேத்து ராத்திரி வீட்டுல இருந்திருந்தா ரெண்டு உசுரும் இல்லம்மா” என்றார்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். பக்கத்தில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. மாயழகு. ஒரு முழு நாள் குசுகுசுத்துவிட்டு, அடக்கி வைத்திருந்த குரல் முழுவதையும் அங்கே அவிழ்த்துவிட்டார். “ஆத்தா! தாயே! மகமாயீ!” என்று அவர் அழுத அழுகையில் செக்யூரிட்டி மாடிப்படி ஏறி ஓடிவந்தார். மேலே இரண்டு மாடியிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் மூக்கைத் துடைத்ததும் எனக்கு அடுத்த கவலை வந்தது. “அண்ணே, இப்பத் தீட்டுக்காரி. ஊருக்குள்ள வரக் கூடாது. வெளியவும் ராத்திரி தங்கக் கூடாது. இதுக்கு என்ன செய்யிறது?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “பிள்ள பெத்தவளுக்கு ஒரு கட்டும் கெடையாதுத்தா. அவ எங்க வேணாலும் தங்கலாம்.”

“இத நேத்தே சொல்லியிருந்தா?”

“நேத்து அவ பெக்கலையே!”

அந்த வருடத் திருவிழா ஒரு குறையுமில்லாமல் நடந்தது. முளைப்பாரி நன்றாக வளர்ந்திருந்தது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த வருடம் மாசி மாதம் ஒரு நாள், துணை சுகாதார நிலையத்தில் நான் திரையை மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆள் சத்தம். மாயழகு, பூசாரி, அவர்களுக்கு முன்னால் இடுப்பில் பிள்ளையும் கையில் தட்டுமாகப் பாண்டிச்செல்வி. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. திருவிழாவுக்கு அழைக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கப் போனேன்.

“கட்டாயம் வாரேன். என்னைக்குப் பொங்கல்?”

“அதக் கேக்கத்தான் வந்தோம் சிஸ்டர்” என்றாள் பாண்டிச்செல்வி. “என்னைக்குச் சாட்டலாம்?”

எனக்குப் புரியவில்லை. மாயழகு தொண்டையைச் செருமினார். “ஊர்க்கூட்டத்துல பேசி முடிவு பண்ணிட்டோம்த்தா. எவ வயித்துல எம்புட்டு மாசம், எவளுக்குத் தொந்தரவு வரும்னு எங்களுக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். நீ நாளச் சொல்லு, நாங்க சாட்டுறோம்.”

என் சர்வீஸில் மேலதிகாரிகள் என்னிடம் கேட்காத கேள்வி அது. எங்கள் ஜீப்பைக் கண்டு கரும்புக்குள் ஓடிய ஊர், தன் அம்மனை எப்போது கூப்பிடலாம் என்று என்னிடம் வந்து கேட்கிறது. கர்ப்பிணிகள் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். மெல்ல யோசித்தேன். அந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளை. சரியாகப் பங்குனியில் எட்டாம் மாதம் வரும், வைகாசிக்குள் பிரசவம் ஆகிவிடும். எப்போது எந்தத் தொந்தரவு வரும் என்று சொல்ல முடியாது. அவளை அந்த நேரத்தில் எந்தக் கட்டுக்குள்ளும் நிறுத்த எனக்கு மனமில்லை. ஆனால் பங்குனிப் பொங்கலைப் போய் எப்படி நான் தள்ளிவைக்கச் சொல்வது?

தயங்கித் தயங்கிச் சொன்னேன். “வைகாசிக்குத் தள்ளிவச்சா நல்லது. ஆனா அம்மன் காரியம். அவ கோவிச்சுக்கிட்டா?”

பூசாரி தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து என் கையில் வைத்தார்.

“அவளும் பொம்பளதானே சிஸ்டரு. பொறுத்துக்கிடுவா.”

அந்த வருடம் அந்த ஊருக்கு அம்மன் வைகாசியில்தான் வந்தாள்.